தட்டில் ஒரு பொம்மை அதிகம்

ஹா,
டிசம்பர் 12

அன்புள்ள கெஞ்சோவுக்கு,

(அன்பு இப்போதைக்குக் கொஞ்சம்தான். மீதி, நீ மன்னிப்புக் கேட்ட பிறகு.)

நான் யாரென்று ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டு மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் பர்மா டாக்டரின் மகள். ஜூன் மாதம் நீ பஸ் ஏறும்போது, "நீங்கல்லாம் விருந்தாளிங்க. ஒப்பந்தம் முடிஞ்சா மூட்டையைக் கட்டிட்டுப் போறவங்க. எங்க வீட்டுல தலையை நீட்டாதே" என்று சொன்னாயே, அந்த நீட்டிய தலைதான் இது. உன் டிரங்குப் பெட்டியில் காய்ந்த மிளகாய்க்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பல்லியை வைத்ததற்கு இவ்வளவு பெரிய பேச்சா? இந்த மலையூருக்கே ஹா என்று பேர் வைத்துவிட்டுச் சிரிக்கக் கூடாது என்றால் எப்படி?

கல்லும் கத்தும் ஊராமே கல்கத்தா. தூக்கம் வருகிறதா?

உங்கள் ஊர்ப் புத்தாண்டு, லோம்பா, ரொம்ப நன்றாக நடந்தது. நீ இல்லாத முதல் லோம்பா. உன் அம்மா பேம் அத்தை கொழுக்கட்டை பிடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் உன் பேரைச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். கொழுக்கட்டையில் உப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான் என்றேன். உன் அப்பா கடோ மாமா சிரித்தார். அத்தை கரண்டியைத் தூக்கினாள்.

சாயங்காலம் மாவுப் பொம்மைகள். அவரவர் ஒரு பிடி மாவை வலிக்கிற இடத்தில் ஒற்றி, கைக்குள் இறுக்கி, தலையும் காலும் கிள்ளி வைத்தோம். மாமா இடுப்பில் ஒற்றினார். என் அம்மா, டாக்டராக இருந்தும், தலையில். உன் தங்கை சோமோவுக்கு ஐந்து வயதில் எங்கே வலிக்கும்? மாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உனக்காக அத்தை உன் பழைய அங்கியில் ஒற்றி ஒன்று பிடித்தாள். ஆறு பேருக்கு ஆறு.

நான் ஏழாவதாக ஒன்று பிடித்தேன். சும்மா. துணிக்கிழிசலில் லுங்கி கட்டி, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பூசுகிற தனகா மரப்பட்டைச் சாந்தை இரண்டு கன்னத்திலும் மஞ்சளாக அப்பிவிட்டேன். மாண்டலே சந்தையில் வெற்றிலை விற்கிற பையன் மாதிரி இருந்தான். தட்டின் ஓரத்தில், உன் பொம்மைக்குப் பக்கத்தில் ஒளித்தேன். மாமா எண்ணவில்லை. பாதை பிரிகிற இடத்தில் தட்டை வைத்து, "எங்களுக்குப் பதிலா இவங்களை எடுத்துக்கோ, எங்களை வீட்டுக்கு அனுப்பு" என்று எமனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே இனிமேல் யார் யாரை எண்ணிக் குழம்பப் போகிறார்களோ.

பதில் போடு. கெஞ்சோ என்று பேர் வைத்துக்கொண்டு என்னைக் கெஞ்ச வைக்காதே.

யமின்


கல்கத்தா,
டிசம்பர் 28

யமின்,

உன் பல்லியைப் பார்த்து விடுதியில் என் அறைத்தோழன் கட்டிலிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அவன் பாடங்களையும் நான்தான் எழுதுகிறேன். ஆகவே அன்பு கொஞ்சம்கூட இல்லை.

இங்கே மிளகாயைக் கறிக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் குரங்குக் குல்லா போடுகிறார்கள். எனக்கு வியர்க்கிறது.

பொம்மை விஷயம் சிரிக்கிறதற்கு இல்லை. பொம்மை போனால் அதற்குரிய ஆள் வீடு திரும்பணும். அதற்குத்தான் பிடிக்கிறோம். ஆளே இல்லாத பொம்மையைக் கொடுத்தால் திரும்புவது யார்?

அதற்குப் பேர் வைத்தாயா? எங்கே ஒற்றினாய்? அன்றைக்கு என் கிண்ணத்தை யாராவது பார்த்தீர்களா? நான் கிளம்பும்போது என் மரக்கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம் வைத்தேன். எங்கள் வீட்டில் மிச்சம் வைத்துப் போகிறவன்தான் திரும்பி வருவான், உனக்குத் தெரியும். அதை அம்மா மூடி வைத்து, பழசை எடுத்துப் புதுசாக ஒரு வாய் போட்டுக்கொண்டே இருப்பாள். நான் வருகிறவரை அது காலியாகக் கூடாது.

உங்கள் ஊரில் எமனுக்கு யம மின் என்று பேர் என்று நீதான் சொன்னாய். யமின், உன் சொந்தக்காரரோடு நீ எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடு. எங்கள் வீட்டோடு வேண்டாம்.

கெஞ்சோ


ஹா,
ஜனவரி 14

மாண்புமிகு கெஞ்சோ அவர்களுக்கு,

சபாஷ். ஒப்புக்கொள்கிறேன். குடும்பமே சேர்ந்து என்னைக் கவிழ்ப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அம்மா, அப்பா, தங்கை எல்லோரையும் எப்படிப் பழக்கினாய்? நாயைக்கூட.

முதலில் கிண்ணம். லோம்பாவுக்கு மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் காலி. கழுவித் துடைத்த மாதிரி. எலி என்றாள் அத்தை. மூடியைத் திரும்பப் போட்டு மூடுகிற எலி. அதற்கப்புறம் அந்தக் கிண்ணத்தை மூடி வைப்பதையே விட்டுவிட்டாள். தினமும் அதில் சோறு போட்டு அடுப்புக்கு வடக்கே, நீ உட்காருகிற இடத்தில் வைக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்க்கிறாள். கழுவும்போது காலியாக இருக்கிறது. யார் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் சோமோ ஏதாவது கேட்பாள், ஒரு நொடி திரும்புவேன், அவ்வளவுதான்.

நாய் உன் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. யாருடைய காலையோ மிதிக்காமல் போகிற மாதிரி.

உன் சதி எப்படி என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். நேற்று மத்தியானம் அத்தை அந்தப்பக்கம் திரும்பியபோது உன் கிண்ணத்துச் சோற்றில் மிளகாய்த்தூளை அள்ளிக் கலந்தேன். எவன் தின்கிறானோ அவன் துள்ளட்டும் என்று. கடோ மாமா கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டது. சோமோ என் மடியில். என் அம்மா ஆஸ்பத்திரியில். நான் எல்லோரையும் சரிபார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

உன் அறையில் யாரோ இருமினார்கள்.

பூட்டிய அறை, கெஞ்சோ. அத்தை மாவு பிசைந்துகொண்டே, திரும்பாமலே, "தண்ணி குடிடா, கெஞ்சோ" என்றாள்.

சரி, நீ ஜெயித்துவிட்டாய். எப்படிச் செய்தாய் என்று மட்டும் எழுது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

யமின்


கல்கத்தா,
பிப்ரவரி 6

யமின்,

உன் கடிதம் வந்தபோது கிழித்துப் போட இருந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. நீதான் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நேற்று கடைத்தெருவில் இருக்கிற போன் கடைக்குப் போய், நம் ஊர்க் கடைக்கு அழைத்து, அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். காத்திருந்தேன். அம்மா வந்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. நான் பேசினேன். சாப்பிட்டியா, குளிருக்கு விறகு இருக்கா என்று கேட்டேன்.  அப்புறம் கடைக்காரரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை: "யாரோ விளையாடறாங்க. என் பையன் வீட்டுல அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கான்."

வைத்துவிட்டாள்.

அது என் அம்மாவின் குரல். உன்னால் எவ்வளவோ செய்ய முடியும், அந்தக் குரலைச் செய்ய முடியாது.

மே மாதம் விடுமுறை. நான் வருவேன். கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள்? எனக்கு அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை.

எங்கே ஒற்றினாய் என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

கெஞ்சோ


ஹா,
மார்ச் 1

கெஞ்சோ,

தொண்டையில்.

நீ பஸ்ஸில் ஏறும்போது விருந்தாளிகள் என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள். என் பேரில் பிடித்த பொம்மையை முழங்காலில் ஒற்றினேன், சும்மா ஒப்புக்கு. வலிக்கிற இடத்தில் ஒற்றியது அந்த லுங்கிக்காரனைத்தான். நாங்கள் எப்படியும் ஒருநாள் மூட்டை கட்டுகிறவர்கள். எங்களுக்குப் பதிலாக ஒரு பர்மாக்காரன் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பிடித்தேன். சிரிப்பதற்காகப் பிடித்தேன் என்று எழுதியது பொய்.

பேர் வைக்கவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது என்று நினைக்கிறேன். பேரில்லாமல் வந்தவன், கிடைத்த பேரை எடுத்துக்கொண்டான். கிண்ணம் இல்லாமல் வந்தவன், மிச்சம் இருந்த கிண்ணத்தில் சாப்பிட்டான்.

உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். நீ வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கடோ மாமா பிரிக்கவில்லை. "யாருக்கோ வந்தது" என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். உன் அறையை இப்போது பூட்டுவதில்லை. நான் எட்டிப் பார்த்தேன். படுக்கை மடித்திருந்தது. தலையணையில், கன்னம் படுகிற இடத்தில், மஞ்சளாகக் காய்ந்த தனகா. இந்த வீட்டில் என்னைத் தவிர யார் அதைப் பூசுகிறார்கள்? நான் அந்தத் தலையணையில் படுத்ததில்லை.

என் அம்மாவிடம் சொன்னேன். பேம் அத்தைக்கு ஞாபகமறதி வந்திருக்கலாம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே மாடியில் எங்கள் இரண்டு பேருக்கும் டீ ஊற்றும்போது மூன்று கோப்பை எடுத்து வைத்தாள். நான் சொன்ன பிறகு மூன்றாவதைத் திரும்ப வைத்துவிட்டு, நீண்ட நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று மாமாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். பாதை பிரிகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தட்டு இருக்கிறது. பொம்மைகளைக் காகம் தின்றிருக்கும்.

அம்மாவின் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. புதுப்பிக்கவில்லை. நீ சொன்னது நடக்கிறது, சந்தோஷப்படு. அதற்குள் நான் இவனை உன் இடத்திலிருந்து எழுப்பணும்.

யமின்


கல்கத்தா,
மார்ச் 15

யமின்,

சந்தோஷப்படவில்லை.

நான் வருகிறவரை போகாதே. உன் அம்மாவிடம் சொல், ஜுரம் என்று படுத்துக்கொள், மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொள், உனக்கு வழியா தெரியாது? முடியாவிட்டால் ஒன்று மட்டும் மறக்காதே. கிளம்புகிற அன்றைக்கு எங்கள் அடுப்படியில் சாப்பிடு. உன் கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம் வை. அம்மா மூடி வைப்பாள். அப்போதுதான் நீ திரும்ப முடியும்.

அதை அவன் கையில் கிடைக்க விடாதே.

கெஞ்சுகிறேன்.

கெஞ்சோ


பாரோ,
ஏப்ரல் 9

கெஞ்சோ,

நாளைக் காலை விமானம். விடுதி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா சொல்பேச்சுக் கேட்கவில்லை, என்னை மாதிரி.

இன்றைக்குக் காலையில் உங்கள் அடுப்படியில் சாப்பிட்டோம். சிவப்பரிசிச் சோறு, மிளகாய்க் கறி. அத்தை எனக்குக் கறியை மலைபோல் வைத்தாள். பர்மாவில் இதெல்லாம் கிடைக்காது என்று மாமா கிண்டல் செய்தார். உன் இடத்தில் உன் கிண்ணம், நிறையச் சோறு. நான் பார்க்காமல் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு வாய் மிச்சம் வைத்தேன். நீ சொன்ன மாதிரியே.

அத்தை மூடியை எடுக்க எழுந்தாள். அந்த நேரத்தில்தான் யோசித்தேன். அவனுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. மிச்சம் இருந்ததைத் தின்றான், வாசல் திறந்திருந்தது, உட்கார்ந்தான். எந்த வீட்டிலும் கணக்கில் இல்லாதவன் வேறு என்ன செய்வான்? எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்தவள் நான்.

என் கிண்ணத்தை உன் இடத்துப் பக்கம் தள்ளினேன். "தம்பி, இது உன்னோடது. அது அவனோடது. வா, நம்ம ஊருக்குப் போகலாம்" என்று எங்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னேன்.

நாய் குரைத்ததா, சோமோ கூப்பிட்டாளா, எதற்கோ ஒரு நொடி திரும்பினேன். என் கிண்ணம் சுத்தமாக இருந்தது. உன் கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது. அத்தை கையில் மூடியோடு நின்றாள். கொஞ்சம் குழம்பி, அதை உன் கிண்ணத்தின் மேல் வைத்து மூடினாள். மூடிவிட்டு, "என் பிள்ளை எப்ப வருவானோ" என்றாள். கெஞ்சோ, அதைக் கேட்டு நான் அழுதேன். வெளியே சொல்லாதே.

வாசலில் அத்தை என் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் எனக்குப் பக்கத்தில், என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, காற்றில் கையை நீட்டிக் கன்னத்தைத் தடவுகிற மாதிரித் தடவினாள். "நல்லாப் படிக்கணும், தம்பி" என்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பாள், அவசரம்.

கணவாயில் ஏறும்போது டிரைவர் கண்ணாடியைப் பார்த்து, "பின்னால மூணு பேரும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, கதவு சரியாச் சாத்தலை" என்றார். நானும் என் அம்மாவும் நெருங்கி உட்கார்ந்தோம்.

உன் இடம் காலியாக இருக்கிறது. போய் உட்கார்.

யமின்


ஹா,
மே 20

யமின்,

வந்து சேர்ந்துவிட்டேன். தட்டினேன். அம்மாதான் திறந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எலும்பாகிவிட்டேன் என்று கல்கத்தாவையே திட்டினாள். நாய் முதலில் முறைத்தது, அப்புறம் நக்கியது. கிண்ணத்தைத் திறந்தால் ஒரு வாய்ச் சோறு இருந்தது. சாப்பிட்டேன். என் தலையணை உறையை அம்மா துவைத்து வெயிலில் போட்டிருந்தாள். ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள்.

இனிமேல் எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது உன்னைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். யமின் போகும்போது என்ன சொன்னாள் என்று கேட்டேன். அப்பா, "யாரு யமின்?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவின் பெண் என்றேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "டாக்டருக்கு ஏதுடா பொண்ணு? ஒரு பையன்தானே. கன்னத்துல மஞ்சளாப் பூசிக்கிட்டு, பேசவே மாட்டான், பாவம். நல்ல பிள்ளை. ஒரு குறும்பு கிடையாது" என்றாள்.

மாடிக்குப் போனேன். கதவுச் சட்டத்தில் நம் இரண்டு பேருடைய உயரத்தையும் கத்தியால் கீறினோமே, அந்தக் கீறல்கள் இருக்கின்றன. சோமோவிடம் இது யாருடையது என்று கேட்டேன். அந்த அண்ணனுடையது என்றாள். விரலை மடித்து விசிலடிக்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் அவளுக்கே சந்தேகமாக, "அந்த அண்ணன்தான்" என்றாள்.

நீ அவனுக்கு ஒரு வாய்ச் சோறு மட்டும் கொடுக்கவில்லை, யமின். இந்த வீட்டில் உனக்கு இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய்.

பஸ்ஸில் வரும்போது உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பல்லி ஞாபகம் வருகிறது. பல் ஞாபகம் வருகிறது, சிரிக்கும்போது. அதற்கு மேலே வரவில்லை. கன்னம் என்று நினைத்தால் மஞ்சள்தான் தெரிகிறது. உன் கடிதங்களைத் தினமும் படிக்கிறேன்.

விருந்தாளி என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதை முன்னாலேயே எழுதியிருக்கணும். இப்போது எழுதுகிறேன், இந்த வீட்டில் அது யாரைப் பற்றி என்று என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்புள்ள, முழு அன்புள்ள,
கெஞ்சோ


மாண்டலே,
ஜூன் 18

அன்புள்ள கெஞ்சோவுக்கு,

(பாக்கி வைத்திருந்த அன்பையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். மன்னிப்பு வந்து சேர்ந்தது.)

குறும்பே கிடையாதாமா? ஆறு வருஷம் நான் உழைத்த உழைப்பெல்லாம் போச்சு. பேம் அத்தை தேநீரில் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிப் போட்டது யார், மாமாவின் வில்லில் மணி கட்டியது யார் என்று கேட்டுப் பார். அந்த ஊமைக்கோட்டானுக்கு அதெல்லாம் வராது.

அவன் இங்கே நன்றாக இருக்கிறான். வந்த அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி மீன் குழம்பு நூடுல்ஸ் கொண்டுவந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு என் அம்மாவிடம், "போறப்ப ஒண்ணு, வர்றப்ப ரெண்டா, டாக்டர்?" என்று கேட்டாள். என் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா, சின்னவன் கொஞ்சம் கூச்சப்படுவான்" என்றாள். நான் நாலு கிண்ணம் எடுத்து வைத்தேன். ஏதோ பராக்குப் பார்த்தேன். நாலும் காலியாயின. இத்தனை வருஷமும் இங்கேயே இருந்த என் அப்பா மட்டும் சில சமயம் சாப்பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு எங்களை ஒரு தடவை பார்வையால் எண்ணுவார். அப்புறம் சாப்பிடுவார்.

எனக்கு இங்கே இடம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருப்பிள்ளைகள் என் பர்மியப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், ஏதோ மலைக்காரி பேசுகிற மாதிரி இருக்கிறதாம். மிளகாயைத் தனிக் கறியாகச் சாப்பிடுகிறேன் என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. தொண்டையில் பழையபடி அடைக்கிறது. இந்தத் தடவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

அதனால் உனக்கு ஒரு வேலை. உன் கெஞ்சலுக்கு நான் செய்தேன், என் கெஞ்சலுக்கு நீ செய்.

வருகிற லோம்பாவுக்கு ஊரில் இருக்கும்படிப் பார்த்துக்கொள். ஜுரம் என்று படுத்துக்கொள், மாடிப்படியில் உருளு, உனக்கா வழி தெரியாது? ஒரு பொம்மை அதிகமாகப் பிடி. வாயைப் பெரிதாக வை, இல்லாவிட்டால் அது நானில்லை. உனக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே ஒற்று. பேரை மறக்காமல் வை, நான் செய்த தப்பைச் செய்யாதே. தட்டின் ஓரத்தில், உன் பொம்மைக்குப் பக்கத்தில் ஒளித்து வை. மாமா எண்ண மாட்டார்.

அன்றைக்குக் கதவைத் தாழ் போடாதே. யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு கிண்ணம் கொடு. நான்தானா என்று கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே, பார்த்தால் தெரியாது. எனக்கே தெரியாமல் இருக்கலாம், நான் இங்கே நூடுல்ஸ் தின்றுகொண்டு இருப்பேன்.

சோறு தீர்ந்ததும் கிண்ணத்தைப் பார். ஒரு வாய் மிச்சம் இருந்தால், மூடி வை.

யமின்